பாலத்தடியில் ஓர் அம்பர் கட்டி

அத்தியாயம் 6

என் அக்காவை ஆற்றில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

காலையிலிருந்து அதே பாலம், அதே இரண்டு படகுகள். கொக்கி கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டு இழுக்கிறார்கள். கயிறு கனக்கும்போதெல்லாம் பாலத்தின் மேல் நிற்கிற கூட்டம் "ஐயோ" என்கிறது. மேலே வருவது பழைய டயர், இல்லாவிட்டால் மரக்கிளை. ஒரு டயரைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அக்கா நிலவியல் படித்தவள். ஊருக்கெல்லாம் மண் என்றால் செருப்பில் ஒட்டுவது. அவளுக்கு அது நாள்பூராவும் பேசுகிற சிநேகிதி. நேற்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவள் வீடு திரும்பவில்லை. இன்று ஸ்கூட்டர் பாலத்தோரம் நின்றது, அவள் துணிப்பை கரையில் கிடந்தது. அதை வைத்து இன்ஸ்பெக்டர் கதையை முடித்துவிட்டார்.

"கால் வழுக்கி விழுந்திருக்கணும். இல்லைன்னா..." என்று இழுத்தார்.

"இல்லைன்னா என்ன சார்?" என்று கேட்டார் மாமா.

மாமா, அதாவது அக்காவின் கணவர், மின்சார வாரியத்தில் லைன்மேன். புயல் காற்றில் கம்பத்தின் உச்சியில் நின்று பீடி பிடிக்கிற ஆள். இன்றைக்குப் பாலத்துக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றும் ஆடினார். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மேடம் மட்டும் ஆற்றைப் பார்க்கவே இல்லை. சுங்கத்துறையில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து திறந்தே தலை நரைத்து, ஓய்வு பெற்றபின் துப்பறியும் ஆபீஸ் போட்டவர் எங்கள் மேடம். நான் அவருடைய உதவியாளன். என் வாய்க்கு அவர் வைத்த பெயர் 'லொள்ளு'. மேடம் பார்த்துக்கொண்டிருந்தது தொட்டிக்காரரை.

அவர்தான் பையை முதலில் பார்த்த சாட்சி. கடற்கரைச் செம்மேட்டில் அம்பர் எடுக்கிறவர். அம்பர் என்றால் கல்லாக இறுகிப்போன மரப்பிசின், நகைக்குப் போகும். குடைந்த மண்ணைப் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். மண் அடியில் போகும், அம்பர் மேலே வரும், அள்ளிக்கொள்வார்கள். அதனால்தான் அந்தப் பெயர். சுற்றி நின்றவர்களுக்கு அவர் அதே கதையைத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டியில போயிட்டிருந்தேன். ஸ்கூட்டர் அநாதையா நிக்குது. எட்டிப் பார்த்தா கரையில பை, பக்கத்துல தண்ணியில அம்பர் கட்டி ஒண்ணு மிதந்துட்டிருக்கு. குச்சியால இழுத்து எடுத்தேன். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சுங்க. தங்கமான பொண்ணு. என் கொட்டகைக்கு அடிக்கடி வரும்."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது. நான் ஒரு மடையன்.

"அந்தக் கட்டியைக் கொஞ்சம் குடுங்க சார், பார்த்துட்டுத் தர்றேன்" என்று இன்ஸ்பெக்டரிடம் கையை நீட்டினார் மேடம்.

"எடுத்துட்டுப் போங்க. அது என்ன, பேசவா போகுது?" என்றார் அவர்.

பாலத்து முனையில் டீக்கடை. மேடம் பெஞ்சில் உட்கார்ந்து கட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவு. உள்ளே தேன் நிறம், மேலே சொரசொரப்பான தோல். தோலில் சின்னச் சின்ன வட்டத் துளைகள். துளைக்குள் பச்சைக் களிமண் கெட்டியாக அடைத்திருந்தது.

"இந்த ஓட்டை என்ன லொள்ளு?"

"சிப்பி குடைஞ்சது. அக்கா சொல்லிச் சொல்லி என் காதுல இருக்கிற ஓட்டையும் அதே சைஸுக்கு வந்துடுச்சு."

"முழுசா சொல்லு. அவ சொன்ன மாதிரியே."

சொன்னேன். ஒரு காலத்தில் கரையோரம் பெருங்காடு. மரத்துக்கு அடிபட்டால் பிசின் வடியும். புயலோ பேரலையோ வந்து காட்டையே சாய்த்துப் போட்டது. மரமும் பிசினும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய் அடியில் தங்கின. அங்கே கிடந்த பிசினைச் சிப்பிகள் குடைந்து வீடு கட்டின. அப்புறம் சேறு வந்து மூடியது. காற்றுப் படாத சேறு. அதனால் பிசின் கெடாமல் கோடிக்கணக்கான வருஷம் இறுகி இறுகி அம்பர் ஆனது. அந்தக் கடல்தரைதான் இப்போது மேலே எழும்பிச் செம்மேடாக நிற்கிறது.

"'காட்டுல பொறந்து கடல்ல புதைஞ்ச பொருள்டா தடியா'ன்னு சொல்லுவா" என்றேன். "மேடம், அங்க கொக்கி போட்டுத் தேடுறாங்க. நாம பாடம் நடத்திட்டு உக்காந்திருக்கோம்."

மேடம் டீக்கடைக்காரரிடம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கட்டியை உள்ளே போட்டார். அது நேராகக் கீழே போய் அடியில் 'டங்' என்று உட்கார்ந்தது.

"ஐயையோ, என் டம்ளர்!" என்றார் கடைக்காரர்.

"இது எந்தத் தண்ணி?"

"ஆத்துத் தண்ணிதாங்க. அதான் நம்ம டீக்கு அந்த ருசி. இன்னைக்கு ஒருத்தனும் குடிக்க மாட்டேங்கிறான்."

"உப்பு இருக்கா?"

கடைக்காரர் உப்பு ஜாடியை ஜாக்கிரதையாக நீட்டினார். மேடம் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். கட்டி அசையவில்லை. இன்னொன்று போட்டார். இன்னொன்று. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், என் அக்காவைக் காணோம். நீங்க இங்க ஊறுகாய் போடுறீங்க!"

"கத்தாதே. பாரு."

கட்டி லேசாக ஆடியது. அடியை விட்டுக் கிளம்பியது. நிதானமாக ஏறி வந்து தண்ணீரின் மேல் தலையைக் காட்டி நின்றது. நான் டம்ளரையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கடல் தண்ணிக்குக்கூட இவ்வளவு உப்பு கிடையாது" என்றார் மேடம். "ஆத்துல அம்பர் மிதக்காது லொள்ளு. அந்த ஆள் பொய் சொல்றான்."

"அப்போ வெள்ளத்துல கடலுக்குப் போச்சுன்னு அக்கா சொன்னது?"

"வெள்ளம் பாறாங்கல்லையே உருட்டிட்டுப் போகும். மரத்தோட ஒட்டிக்கிட்டும் போயிருக்கும். சும்மா நிக்கிற ஆத்துல, குச்சியால இழுக்கிற அளவுக்கு மிதக்குமா? இவன் பொறந்ததுலேர்ந்து அம்பரைப் பார்த்தது உப்புத் தொட்டியில. இவன் கண்ணுக்கு அம்பர்னாலே மிதக்கிற பொருள். பை கிடந்துச்சுன்னு சொல்லி நிறுத்தியிருந்தா தப்பிச்சிருப்பான். அழகா இருக்கட்டும்னு ஒரு வரி சேர்த்தான் பாரு."

நுணலும் தன் வாயால் கெடும். இந்தத் தவளைக்குத் துண்டு வேறு, கண்ணைத் துடைக்க. திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் அவர் இல்லை. அவர் வண்டியும் இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு டம்ளர் தண்ணியை வெச்சு நான் தேடுறதை நிறுத்தணுமா? இதை முடிச்சுட்டு வந்து பார்க்கிறேன்."

"முடிக்கிறதுன்னா என்ன சார் அர்த்தம்?" என்று கத்தினேன். மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மாமாவைக் கூப்பிட்டேன். அவர் கைப்பிடியை விடவில்லை.

"நீங்க போங்கடா. நான் அந்தப் பக்கம் போன நேரத்துல இங்க அவளை எடுத்தாங்கன்னா? பார்க்க அவளுக்குன்னு ஒரு ஆள் வேண்டாமா?"

மேடத்தை ஏற்றிக்கொண்டு செம்மேட்டுக்கு வண்டியை விட்டேன்.

செம்மேடு கடலை ஒட்டி ஒரு சுவர் போல நிற்கும். உச்சியில் சாலையும் வீடுகளும். மேலே பழுப்பு மணல், நடுவில் மஞ்சள், அடியில் பச்சைக் களி. மூன்று நிறத்திலும் ஒவ்வொரு குகை குடைந்திருந்தார்கள். ஒன்றின் வாய்கூட இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றையும் யந்திரத்தால் புது மண் தள்ளி மூடியிருந்தார்கள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. அடியில் இருந்த குவியலை அலை வந்து நக்கிவிட்டுப் போனது.

தொட்டிக்காரர் கொட்டகை வாசலில் நின்றார். தொட்டியைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக வேலையாட்கள் சல்லடையோடு நின்றார்கள். தொட்டியில் அம்பர்த் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "மேல ரோடு விரிசல் விட்டிருக்கு. குகை ரோட்டுக்கு அடி வரைக்கும் போயிடுச்சு. அந்தப் பொண்ணு அதைப் பார்த்துட்டா. சொன்னா மேட்டையே மூடிடுவாங்க. அதனால நீங்க அவளை மூடிட்டீங்க. எந்தக் குகை?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியலைங்க."

"ஆத்துல அம்பர் மிதக்காதுங்க."

அவர் முகம் ஒரு நொடி தொட்டிப் பக்கம் திரும்பியது. அப்புறம் வாயை மூடினார். கல்லுளிமங்கன். எவ்வளவு கேட்டும் ஒரு சொல் வரவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பார்க்கிறார் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் உள்ளே போய்விடும். அதுவரை அவர் பேசாமல் இருந்தாலே போதும்.

சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். "எந்தக் குகைடா? சொல்லுடா! அவ உனக்கு என்னடா பண்ணினா?"

"விடு லொள்ளு. அவர் வாயிலேர்ந்து வராது. இது சொல்லும்." மேடம் பையிலிருந்து கட்டியை எடுத்தார். "உன் அக்கா இதை எடுத்துப் பையில போட்டுட்டு, பையை ஸ்கூட்டர்ல மாட்டியிருக்கா. ரெண்டையும் இவர் பாலத்தடிக்குக் கொண்டுபோய் வெச்சிருக்கார். ஒரு துண்டு கிடைச்சா வீட்டுக்குப் போயிடுற ஆளா அவ?"

"ஒண்ணு கிடைச்சா அதே இடத்துக்குத் திரும்பப் போவா. சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டா."

"ஓட்டையில என்ன மண்ணு?"

பச்சை. அடியிலிருக்கும் குகை. அலை தொடுகிற குகை.

ஓடினேன். மண்வெட்டி தேடவில்லை, கையாலேயே பறித்தேன். களிமண் நகத்துக்குள் ஏறியது. ஒரு பிடி எடுத்தால் அலை வந்து இரண்டு பிடி சேற்றை இழுத்துப் போட்டது. வேலையாட்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"என்னங்க நிக்கிறீங்க? உள்ள இருக்கிறது என் அக்கா! கால்ல வேணா விழறேன், வாங்க!"

விழுந்தும் விட்டேன், சேற்றில். சல்லடை பிடித்திருந்த ஒரு பெண் முதலாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சல்லடையைத் தொட்டிக்குள்ளேயே வீசிவிட்டு இறங்கி வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். முதலாளி தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவ்வளவு மண்ணை இவர்களால் நேரத்துக்குள் எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியில் ஏதோ இடறியது. களிமண்ணைக் கரைக்கத் தண்ணீர் அடிக்கிற ரப்பர் குழாய். உள்ளே போகிற குழாய். அதன் நுனியைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா! அக்கா, நான்தான்!"

"தடியா..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உள்ள பள்ளம்டா, தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கடா."

அழுதேன். வெட்கமில்லாமல், எல்லார் எதிரிலும், குழாயைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அழாத. கேளு. நான் தனியா இல்ல. என்னை வெளிய கூட்டிட்டுப் போகன்னு விடியக்காலையில ஒரு பையன் மேல் குகையை மூடின மணலைப் பறிச்சுட்டு வந்தான். அவனுக்குப் பின்னால மண்ணு சரிஞ்சுடுச்சு. பாவம், கால் நசுங்கி என் தோள்ல சாஞ்சிருக்கான்."

"யாரு பையன்?"

குழாயில் வேறு குரல் வந்தது. பலமில்லாத குரல். "எங்க அப்பா அங்க இருக்காரா?"

மண்வெட்டிகள் நின்றன. எல்லாரும் திரும்பித் தொட்டிக்காரரைப் பார்த்தார்கள். அவர் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. தடுமாறி வந்து குழாயை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"டேய்... நீ சரக்கு எடுத்துட்டு டவுனுக்குப் போனதாத்தானே சொன்னாங்க?"

"உள்ள சத்தம் கேக்குதுன்னு நேத்தே சொன்னேனேப்பா. நீங்க கேக்கலையே."

அந்த மனிதரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அப்புறம் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"இங்க தோண்டாதீங்க! இது ஆகாது! மேல வாங்க, மேல் குகையிலேர்ந்து கீழ இறங்குற பொந்து இருக்கு! மணலுதான், கையாலேயே அள்ளிடலாம்! வாங்கடா!"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மேடம். தொட்டிக்காரர் காதில் அது விழவில்லை. செருப்பை உதறிவிட்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

மேலே பழுப்பு மணல். அள்ள அள்ள வந்தது. வாய் திறந்ததும் டார்ச்சும் கயிறுமாக உள்ளே புகுந்தோம். கடைசியில் கீழே இறங்கும் பொந்து, அதிலும் மணல் சரிந்து கிடந்தது. அதையும் வாரி எடுத்தபோது கீழே தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது. நான் தலையை நுழைத்தேன், தோளை நுழைத்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து இழுத்து எடுத்தார்கள். அக்கா என்னைத் தடியன் என்று கூப்பிடுவது செல்லத்துக்காக மட்டும் இல்லை.

"நகருங்க" என்றார் தொட்டிக்காரர். ஒல்லி ஆள். வழி தெரிந்த ஆள். என் கையில்தான் கயிறு இருந்தது. அவரிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

"உள்ள போய் உங்க பையனை மட்டும் கூட்டிட்டு வந்தீங்கன்னா?"

என் முகத்தைப் பார்க்காமல் அவர் கையை நீட்டினார்.

"குடு லொள்ளு. நமக்கு வேற வழி இல்லை" என்றார் மேடம். அவர் குரல் நடுங்கி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கொடுத்தேன். என் அக்காவைப் புதைத்தவன் கையிலேயே அவள் உயிரையும் கொடுத்தேன். அவர் பாம்பு மாதிரி உள்ளே போய்விட்டார்.

கயிறு ஓடியது. நின்றது. கீழே ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்பாவின் குரல், பையனின் குரல், திரும்பவும் பையனின் குரல், கோபமாக. அப்புறம் பேச்சே இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். எனக்கு எந்தக் கடவுளின் பெயரும் ஞாபகம் வரவில்லை. "அக்கா, அக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கயிறு இழுபட்டது. இழுத்தோம். பொந்தில் முதலில் ஒரு கை வந்தது, பச்சைக் களி அப்பிய கை. அப்புறம் தலை. மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அக்கா!

"அவனைத்தான் முதல்ல தூக்கச் சொன்னாரு அவங்க அப்பா" என்றாள் இருமிக்கொண்டே. "'அவங்க போகாம நான் வரமாட்டேன்'னு அந்தப் பையன் கயிறையே தொடலடா. இழுங்க, அவனைச் சீக்கிரம் இழுங்க!"

இழுத்தோம். பையனைக் கீழேயிருந்து தள்ளிக்கொண்டே தொட்டிக்காரரும் வந்தார். அவர் மார்பு வரை நனைந்திருந்தார். பையனை வெளியே படுக்க வைத்ததும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவப் போனார். பையன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். நீட்டிய கையோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டருக்கு மேடம் போன் போட்டபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

நான் மாமாவைக் கூப்பிட்டேன். மணி அடித்த உடனே எடுத்தார்.

"சொல்லுடா."

ஊருக்கே வாயாடி, அந்த நேரத்தில் விக்கி விக்கி அழுகைதான் வந்தது.

"வேண்டாம்டா" என்றார் மாமா. "சொல்லாத. நீ எதுவும் சொல்லாத." போனை வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மூச்சு வாங்க, விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எடுத்தார்.

"யோவ்! போன் அடிச்சா எடுக்க மாட்டியா? காது என்ன செவிடா?" என்றாள்.

வைத்துவிட்டாரோ என்று அக்கா போனைப் பார்த்தாள். அப்புறம் மாமாவின் குரல் கேட்டது. எங்களிடம் பேசவில்லை, ஆற்றில் இருந்த படகுக்காரர்களிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"கயிறை மேல இழுங்கப்பா! போதும், எல்லாத்தையும் மேல இழுங்க! என் பொண்டாட்டி என்னைத் திட்டுறா!"